கதை முடிந்து பாட்டு தொடங்கும் அந்த நொடி: நல்ல அனிமே எண்டிங் எது?

ஒன்றரை_நிமிடம் எழுதியது:

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் ஓப்பனிங் பாடல்களைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடியிருக்கின்றன. அத்தியாயம் முடிந்ததும் பெயர்களோடு ஓடும் எண்டிங்குக்கு என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால் நானே தொடங்குகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: பிடித்த பாட்டின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது ஏன் உங்களை எழுந்திருக்க விடாமல் உட்காரவைத்தது என்று எழுதுங்கள்.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் எண்டிங் நன்றாக அமைந்துவிடாது. படம் அழகாக இருந்தாலும் போதாது. கதையின் கடைசிக் காட்சி எந்த இடத்தில் பாட்டோடு ஒட்டுகிறது, அந்த ஒட்டை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிட்டி ஹண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த தொடர். டிஎம் நெட்வொர்க் பாடிய 'கெட் வைல்ட்' அதன் முதல் எண்டிங். அன்றைய வேலை முடிந்திருக்கும். உதவி கேட்டு வந்த பெண் விடைபெற்றுக்கொண்டிருப்பாள். நாயகன் ரியோ ஏதோ சொல்கிறான், அவன் கூட்டாளி கவோரி பதில் சொல்கிறாள். அந்தப் பேச்சுக்கு அடியிலேயே கீபோர்டின் முதல் வரி நுழைந்துவிடுகிறது. யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. பாட்டு வந்தது அவர்களுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். இன்னும் சில நொடிகள்தான் இவர்களோடு இருக்கப்போகிறோம் என்று நமக்குள் ஒரு மணி அடிக்கிறது. தாளம் விழும் இடத்தில் படம் அப்படியே உறைகிறது, பெயர்கள் வர ஆரம்பிக்கின்றன.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் கதை முடியும், திரை ஒரு கணம் ஓயும், பிறகு பாட்டு தனியாக வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. 'கெட் வைல்ட்' அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டது. 2019இல் சிட்டி ஹண்டர் திரைப்படம் வந்தபோதும் இதே பாட்டைத்தான் முடிவில் வைத்தார்கள். 2024இல் நெட்ஃபிளிக்ஸுக்காக நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்கும் அதே பாட்டின் புதிய வடிவம். அந்த முதல் வரி கேட்காவிட்டால் ரசிகர்களுக்குக் கதை முடிந்த மாதிரியே இருக்காது.

இதையே 2012இல் ஜோஜோ என்ற தொடர் வேறு விதமாகச் செய்தது. யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்', 1971ஆம் ஆண்டுப் பாட்டு. அதன் தொடக்கத்தில் ஒரு பியானோ ஒலியைப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள். தூரத்தில் இருந்து ஏதோ வீங்கிக்கொண்டே நம்மை நோக்கி வருவது போல இருக்கும். அது வந்து முட்டும் இடத்தில் கிடார் தொடங்கும். ஒருவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாத கட்டத்தில் இந்தக் கிடாரை விடுகிறார்கள். படம் பழுப்பேறி நிற்கிறது, ஓரத்தில் 'தொடரும்' என்ற அம்புக்குறி. பாட்டின் தொடக்கம் எத்தனை நொடி என்று கணக்குப் போட்டு, காட்சியை அதற்கேற்ப வெட்டியிருந்தால்தான் இது கைகூடும்.

ஆக என் கேள்வி: நீங்கள் பார்த்ததில் மிகச் சிறந்த ஒட்டு எது?


நிலா_மேசை எழுதியது:

கேள்வியே எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது அண்ணா. ஒட்டே இல்லாத எண்டிங்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

எவாஞ்செலியன். 1995. ஒவ்வோர் அத்தியாயமும் எப்படி முடியும் என்று நினைத்துப் பாருங்கள். கதையின் நாயகன் ஷின்ஜி ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இல்லாவிட்டால் யாராவது தாங்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் டக்கென்று வெட்டு. 'ஃபிளை மீ டு த மூன்'. பார்ட் ஹோவர்ட் 1954இல் எழுதிய அமெரிக்கக் காதல் பாட்டு. திரையில் தண்ணீர், தண்ணீரில் நிலா, அதன்மேல் தலைகீழாக மெல்லச் சுழலும் ஒரு பெண்ணின் நிழலுரு. கதையில் வரும் ரெய்.

கதைக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல் சில அத்தியாயங்களில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய வலிக்குப் பிறகு யாரோ ஒருவர் ஒய்யாரமாக நிலாவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். பத்து அத்தியாயம் தாண்டியபோதுதான் விளங்கியது. இந்தக் கதையில் யாருக்குமே வாய் திறந்து "என்னை நேசி" என்று கேட்கத் தெரியாது. அதை வாய்விட்டுக் கேட்கிற ஒரே குரல் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அதுவும் வாரத்துக்கு வாரம் வேறு வேறு பாடகிகள், வேறு வேறு வடிவங்கள். ஒரே கோரிக்கையை ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2019இல் தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் அந்தப் பாட்டு இல்லை. அதற்குப் பதிலாகத் தொடரின் பின்னணி இசையில் இருந்து ஒரு பியானோத் துண்டு வைத்திருந்தார்கள். நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். பியானோ சோகமாக இருக்கிறது. கதையும் சோகமாக இருக்கிறது. சோகத்தின்மேல் சோகத்தை வைத்தால் இரண்டுமே மங்கிவிடுகின்றன. ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது, எண்டிங்தான் போய்விட்டது.


ஒன்றரை_நிமிடம் எழுதியது:

நிலா, இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. சரிதான். ஆனால் நீங்கள் சொல்வதை நான் ஒட்டு இல்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கத்தியால் வெட்டியதும் ஓர் ஒட்டுதான். வெட்டு எந்த நொடியில் விழுகிறது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். ஷின்ஜியின் முகத்தில் இன்னும் இரண்டு நொடி நின்றிருந்தால் அந்தப் பாட்டு கேலி போல ஒலித்திருக்கும்.

பியானோ விஷயத்தில் முழுக்க உங்களோடு உடன்படுகிறேன்.


கார்முகில்_26 எழுதியது:

கவ்பாய் பிபாப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். இனிமேல் பொறுக்க முடியாது. கடைசி அத்தியாயம் வரை எழுதப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

1998. 26 அத்தியாயங்கள். யோகோ கன்னோ இசை, மாய் யமானே குரல், 'த ரியல் ஃபோக் புளூஸ்'. நீங்கள் இருவரும் கதையும் பாட்டும் சேரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறு. முதல் வாரம் பார்த்த அதே ஒன்றரை நிமிடம், இருபதாவது வாரம் வேறொன்றாகிவிடுகிறது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, பார்க்கிற நாம் மாறியிருக்கிறோம்.

முதல் அத்தியாயத்தின் முடிவில் கறுப்பு வெள்ளையில் சில படங்கள் வருகின்றன. மழை. ரோஜா. ஒரு பெண்ணின் முகம். துப்பாக்கி. நாயகன் ஸ்பைக் இப்போது இருப்பதைவிட இளையவனாக, வேறு யாருடனோ. நமக்கு ஒன்றும் புரியாது, புரியவேண்டிய அவசியமும் தெரியாது. அப்போதுதான் அவன் சிரித்துக்கொண்டே பீஃப் இல்லாத குடைமிளகாய்-பீஃப் கறியைச் சாப்பிட்டிருப்பான், அதனால் இதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஐந்தாவது அத்தியாயத்தில் அவன் எதிரி விஷியஸ் வருகிறான், ஒரு தேவாலயத்தில் சண்டை நடக்கிறது, ஸ்பைக் கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு விழுகிறான். அவன் விழும்போது மனதில் ஓடும் படங்களில் அதே ரோஜா. அன்று எண்டிங் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வாரமும் இவன் கதையை முடித்துவிட்டுப் போன பிறகு, அவன் தலைக்குள் ஓடுவதை நமக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பகலெல்லாம் சிரித்துவிட்டு இரவில் அவன் கண்ணை மூடினால் தெரிவது இதுதான்.

இன்னொன்று. தொடரின் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்குத் தலைப்பே 'த ரியல் ஃபோக் புளூஸ்'தான். வாராவாரம் முடிவில் கேட்ட பாட்டின் பெயர், கதை முடியும் இடத்தில் கதையின் பெயராக வந்து உட்காருகிறது. ஆனால் 26ஆவது அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பாட்டு வருவதில்லை. ஸ்பைக் படிக்கட்டில் இறங்கி வருகிறான், விரலைத் துப்பாக்கி போல நீட்டுகிறான், சாய்கிறான். கேமரா மேலே எழுகிறது. வானம். 'புளூ' என்ற வேறு பாட்டு, அதே மாய் யமானே குரல். கறுப்பு வெள்ளை ஒரேயடியாகப் போய், நீலம் மட்டும் இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வாரம் அவனைப் பிடித்து வைத்திருந்த அந்த மழை, அன்றைக்குத்தான் விட்டது.

பழைய எண்டிங்கை அத்தனை முறை போடாமல் இருந்திருந்தால் இந்த நீலத்துக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. அதனால் நான் சொல்வேன், எண்டிங்கின் உண்மையான கருவி, திரும்பத் திரும்ப வருவது. ஒட்டு அதற்கு அப்புறம்தான்.


அரைக்கீற்று எழுதியது:

கார்முகில் சொன்னதற்கு இன்னொரு கோணம். அட்டாக் ஆன் டைட்டன் இரண்டாம் சீசன், 2017. ஷின்செய் கமத்தேச்சான் குழுவின் பாட்டு. அதன் எண்டிங்கில் பழங்காலச் சுவர்ச் சித்திரம் போல வந்த படங்கள், பின்னால் பெரிதாக உடையப்போகும் உண்மைகளைச் சர்வ சாதாரணமாகக் காட்டிவிட்டன. அந்த நேரத்தில் யாரும் அதைக் கதை என்றே எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு வந்த சீசன்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதுகு சில்லிடுகிறது.

மான்ஸ்டரும் அப்படித்தான். 2004. டேவிட் சில்வியன் பாட்டு, திரையில் ஒரு குழந்தைகள் கதைப் புத்தகத்தின் படங்கள். அந்தப் புத்தகம் யாருடையது, அது என்ன செய்தது என்று தெரிய எத்தனையோ அத்தியாயம் பொறுக்க வேண்டும். தெரிந்த பிறகு அந்த எண்டிங்கை இரவில் தனியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.


பென்சில்முனை எழுதியது:

எல்லோரும் பாட்டைச் சொல்கிறீர்கள், படத்தைச் சொல்கிறீர்கள். அவற்றின்மேல் ஓடும் எழுத்துகளை யாரும் சொல்லவில்லை. எண்டிங் எதற்காக இருக்கிறது? வேலை செய்தவர்களின் பெயரைப் போடுவதற்காக. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தது.

நான் சென்னையில் விஎஃப்எக்ஸ் வேலையில் இருக்கிறேன், கம்பாசிட்டிங், அதாவது தனித்தனியாகச் செய்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்ப்பது. என் பெயர் முதன்முதலாகப் பெரிய திரையில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கதை முடிந்ததும் அரங்கில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டது. திரை வெளிறிப்போய் எழுத்தே சரியாகத் தெரியவில்லை. தலைகளுக்கு இடையில் எம்பி எம்பிப் பார்த்தேன். என் வரி வந்தபோது தம்பி மட்டும் பார்த்தான், அம்மாவின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எட்டு மாத வேலை.

அதற்குப் பிறகுதான் அனிமே எண்டிங்கை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே அரை மணி நேர நிகழ்ச்சியில் ஒன்றரை நிமிடத்தை ஒவ்வொரு வாரமும் இந்தப் பெயர்களுக்காக ஒதுக்கி, அதை மக்கள் எழுந்து போகாதபடி பாட்டாலும் படத்தாலும் அலங்கரிக்கிறார்கள். பாட்டு விற்கவேண்டும் என்பதும் ஒரு காரணம்தான், இசை நிறுவனங்கள் தயாரிப்பில் பங்கு போடுகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பெயர்கள் போகின்றன. கெங்கா என்ற தலைப்பின் கீழ் முக்கிய அசைவுகளை வரைந்தவர்கள். டோகா என்ற தலைப்பின் கீழ் இடைப்படங்களை வரைந்தவர்கள். அப்புறம் வண்ணம், பின்னணி, படப்பிடிப்பு. பிலிப்பைன்ஸ், கொரியா, சீனா, வியட்நாம் ஸ்டூடியோக்களின் பெயர்கள். ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: தொடர் பின்பாதிக்குப் போகப்போகப் பல நேரம் கெங்கா பட்டியல் நீண்டுகொண்டே போகும். காலக்கெடு கழுத்தை நெரித்திருக்கிறது, கிடைத்தவரை எல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் தொழிலிலும் அப்படித்தான்.

காகுயா சாமா, 2019, மூன்றாம் அத்தியாயம். அன்றைக்கு மட்டும் வேறொரு எண்டிங். தொடரில் வரும் சிகா புஜிவாரா ஆடுகிறாள், அவ்வளவுதான். கோனோமி கோஹாரா பாடியது. ஓர் ஆளை ஆடவைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்து நாவோயா நகாயாமா என்ற ஒரே அனிமேட்டர் வரைந்தார். அந்தப் பாவாடை மடிப்பைப் பாருங்கள். அவள் திரும்பி நின்ற பிறகும் துணி அரை நொடி கழித்துத்தான் வந்து சேரும். தலையில் இருக்கும் கறுப்பு ரிப்பன் அதற்கும் கொஞ்சம் பின்னால். முதலில் உடம்பு, பிறகு துணி, அப்புறம் ரிப்பன் என்று எடைக்கு எடை தாமதம். நான் அதை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, நினைவும் இல்லை, எதுவும் இல்லை. ஒரு மனிதர் தன் கையால் செய்யக்கூடியதை முழுக்கச் செய்துவிட்டு, அதன்மேலேயே பெயர்களை ஓடவிட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

இப்போது பெயர்கள் வந்தவுடனே மூலையில் 'ஸ்கிப்' பொத்தான் முளைக்கிறது, இல்லையென்றால் அடுத்த அத்தியாயத்துக்கு எண்ண ஆரம்பித்துவிடுகிறது. தயவுசெய்து ஒரு தொடரில் ஒருமுறையாவது கடைசி வரி வரை விடுங்கள்.


தம்பி_ஹண்டர் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், நான் ஸ்கிப் அழுத்துகிறவன்தான். வாரத்துக்கு ஒன்று என்று காத்திருந்து பார்த்தவர்களுக்கு எண்டிங் ஒரு விடைபெறுதல். எனக்கு விடுமுறை நாளில்தான் நேரம். ஒரே இரவில் ஒரு சீசன். பன்னிரண்டு தடவை ஒரே பாட்டு, நடுவில் இருபது நிமிட இடைவெளி. ஐந்தாவது தடவைக்கு மேல் காது கேட்க மறுக்கிறது. கார்முகில் அண்ணா சொன்ன மாற்றம் நடக்க நாட்கள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் செயின்சா மேன் எனக்குப் பிடித்தது. 2022இல் வந்தபோது 12 அத்தியாயத்துக்கு 12 எண்டிங், ஒவ்வொன்றும் வேறு பாடகர், வேறு படம். ஏழாவது அத்தியாயத்தில் அந்த அருவருப்பான முத்தம் நடக்கும் இல்லையா, அன்றைக்கு ஆனோ பாடிய துள்ளல் பாட்டு. அடுத்த வாரமே ஹிமெனோ என்ற பாத்திரம் செத்துப்போகிறாள், டிகே பாடிய 'ஃபர்ஸ்ட் டெத்'. அன்றைய கதைக்கு அன்றைய பாட்டு. அதில் நான் ஒன்றையும் தாண்டவில்லை.


நிலா_மேசை எழுதியது:

தம்பி, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஒரே மூச்சில் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் செயின்சா மேன் விஷயத்தில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பன்னிரண்டும் தனித்தனியாக அருமை. இருந்தும் எந்த ஒன்றும் எனக்குள் ஊறவில்லை. ஒரு பாட்டு நம்மோடு சேர்ந்து வயதாக வேண்டும். அதற்கு அது மறுபடி மறுபடி வந்து தட்டவேண்டும்.

அனோஹனா. 2011, 11 அத்தியாயம்தான். 'சீக்ரெட் பேஸ்'. அந்தப் பாட்டு இந்தத் தொடருக்காக எழுதப்பட்டதே அல்ல. ஸோன் என்ற பெண்கள் குழு 2001இல் பாடியது. கோடை விடுமுறை முடிந்து பிரியப்போகும் நண்பர்கள், பத்து வருடம் கழித்து ஒரு ஆகஸ்டில் சந்திப்போம் என்று நம்புகிறார்கள். அதை அந்தப் பத்து வருடம் சரியாகக் கழிந்தபின் எடுத்து, தொடரின் மூன்று பெண் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த ஐ கயானோ, ஹருகா தோமட்ஸு, சாவோரி ஹயாமி மூவரையும் பாடவைத்தார்கள். கதையிலும் பிரிந்துபோன நண்பர்கள், சின்ன வயதில் இறந்துபோன மென்மா. பாட்டுக்கு வயது பத்து, பாடுகிறவர்கள் கதைக்குள் இருக்கும் அதே குரல்கள். 2001இல் அதைக் கேட்டு வளர்ந்த ஜப்பானியப் பிள்ளைகள் 2011இல் இதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

நான் கல்லூரி விடுதியில் இதை வாரம் ஒன்றாகப் பார்த்தேன். என் அறைத்தோழி அனிமே பார்ப்பவள் அல்ல. ஆனால் என் மடிக்கணினியில் அந்தப் பாட்டு தொடங்கினால் அவள் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கதை தெரியாது, மொழி தெரியாது. ஒன்றரை நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போவாள். எட்டாவது வாரமோ என்னவோ, "யார் செத்துப்போனது?" என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.


கார்முகில்_26 எழுதியது:

> "யார் செத்துப்போனது?"

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.


அரைக்கீற்று எழுதியது:

மடோகா மாஜிகாவை யாரும் தொடவில்லையே. இதுவும் 2011தான். அங்கே எண்டிங்கே கதை சொல்கிறது. முதல் இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டு இது சிறுமிகளுக்கான மந்திரக் கதை என்று நாம் நம்பியிருப்போம். மூன்றாவதின் முடிவில் மாமி என்ற பெயருள்ள பெண் சாகிறாள், முதன்முறையாகக் கலாஃபினாவின் 'மாகியா' எண்டிங்காக வருகிறது. யுகி கஜியுராவின் அந்தக் கனத்த கோரஸ் விழும்போதுதான் நாம் எந்தத் தொடருக்குள் வந்து மாட்டியிருக்கிறோம் என்று தெரிகிறது. அதுவரை அந்த முகத்தை மறைத்து வைத்திருந்தார்கள்.

அப்புறம் பத்தாவது அத்தியாயம். ஹோமுரா என்ற பெண் எத்தனை முறை காலத்தைத் திருப்பி எத்தனை முறை தோற்றாள் என்று அன்றுதான் தெரிகிறது. அன்றைக்கு 'மாகியா' இல்லை. ஒன்பது வாரம் ஓப்பனிங்காகக் கேட்ட 'கனெக்ட்' முடிவில் வருகிறது. இனிப்பான பாட்டு என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது, மறக்க மாட்டேன் என்று ஹோமுரா கொடுத்த வாக்கு என்று அப்போதுதான் காதில் விழுகிறது. ஓப்பனிங்கை எண்டிங்கில் வைப்பதைப் பல தொடர்கள் கடைசி அத்தியாயத்தில் செய்திருக்கின்றன, ஒரு சம்பிரதாயம் போல. இந்த அளவுக்கு அர்த்தத்தையே திருப்பிப் போட்டது வேறொன்று எனக்கு நினைவில் இல்லை.

ஒன்றரை_நிமிடம், கவனியுங்கள், உங்கள் ஒட்டும் கார்முகிலின் திரும்ப வருதலும் இங்கே ஒரே இடத்தில் சேர்கின்றன.


பென்சில்முனை எழுதியது:

தம்பி_ஹண்டருக்கு ஒரு தகவல். அத்தியாயத்துக்கு ஓர் எண்டிங் வேண்டும் என்றால் முஷிஷி பாருங்கள், 2005. 26 அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் தோஷியோ மசுதா தனியாக ஒரு இசை போட்டார். வார்த்தையே கிடையாது. அந்தக் கதையின் காற்று அடங்கும் வரை ஓடிவிட்டு நிற்கும். நிலா சொன்ன குறை அங்கே எனக்கு வரவில்லை. ஒரே கையில் இருந்து வந்ததால் இருக்கலாம்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒன் பீஸ் 2006 வாக்கில் எண்டிங்கையே எடுத்துவிட்டது. ஓப்பனிங்கை இரண்டரை நிமிடமாக நீட்டிப் பெயர்களை அங்கேயே போட்டுவிட்டார்கள். 17 வருடத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. 2024 ஜனவரியில் எக்ஹெட் பகுதி தொடங்கியபோது எண்டிங் திரும்பி வந்தது. பாடியது மாகி ஒட்சுகி. 1999இல் முதல் எண்டிங்கான 'மெமரீஸ்' பாடியவர் அவரேதான். அந்தக் குரல் மறுபடி கேட்டபோது பெயர்களுக்கு அவர்கள் வீடு திரும்பக் கிடைத்தது போல இருந்தது எனக்கு.


தம்பி_ஹண்டர் எழுதியது:

அக்கா, நேற்று இரவு காகுயா மூன்றாம் அத்தியாயத்தைப் போட்டு ரிப்பனை மட்டும் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே பின்னால் வருகிறது. மூன்று தடவை ஓட்டினேன். பிறகு அடுத்த அத்தியாயத்தின் எண்டிங்கையும் விட்டுப் பார்த்தேன், கடைசி வரி வரை.

முஷிஷி பட்டியலில் சேர்த்தாயிற்று.


ஒன்றரை_நிமிடம் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. கார்முகிலும் நிலாவும் எழுதியதைப் படித்தபிறகு என் முதல் பதிவில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. ஒட்டு என்று நான் சொன்னதை ஏதோ அந்த ஒரு வாரத்து வேலைப்பாடு போலவே எழுதியிருந்தேன். கெட் வைல்டின் கீபோர்டு ஒலி முதல் வாரம் யாருக்கும் எதையும் உணர்த்தியிருக்காது. அடுத்தடுத்த வாரங்களில்தான் அது மணியாக மாறியிருக்கும். முதலில் ஒட்டு, பிறகு பழக்கம், பழக்கம் வந்தபின் அதே ஒட்டுக்குப் புது வலு. ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

எனக்கு எண்டிங் மேல் இவ்வளவு பிடிப்பு ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்க்கும்போது எண்டிங் வரவே வராது. பெயர்கள் தொடங்கிய மறுகணம் வெட்டிவிட்டு விளம்பரம். எனக்கு ரொம்ப நாள் வரை ஓப்பனிங் என்று ஒன்றுதான் உண்டு, கதை சும்மா நின்றுவிடும் என்றே நினைத்திருந்தேன். முதன்முதலில் ஒரு தொடரை முழுசாகப் பார்த்தபோது, முடிந்த பிறகும் அவர்கள் நம்மை விட்டுவிடாமல் கொஞ்ச தூரம் கூட நடந்து வருவது போல இருந்தது.

ஜோஜோவை நான் வீட்டில் ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன், இரவு எட்டு மணிக்கு ஒன்று. அம்மா சமையலறையில் இருப்பார். அவருக்கு அதில் ஒரு ஈடுபாடும் இல்லை, திரும்பிக்கூடப் பார்த்தது கிடையாது. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ கவனித்தேன். திரையில் சண்டை உச்சத்தில் இருக்கும், அந்தக் கிடார் மெல்ல நுழையும். உள்ளே தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்கும். பாட்டு முடிந்து, அடுத்த வார முன்னோட்டமும் முடிந்து நான் எழுந்து போகும்போது முதல் தோசை தட்டில் இருக்கும்.